வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா? ஓபி சீட்டுல இல்லாத ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான திரெட். ஃப்ரிட்ஜ் பத்தி. வீட்ல சர்க்கரை நோயாளி இருந்தா, குறிப்பா இன்சுலின் போடுறவங்க இருந்தா, கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

ஜவ்வாது மலையில அரசு மருத்துவரா வேலை பாக்குறேன். "அங்கதான் எப்பவும் ஜில்லுனு இருக்குமே, மலையில எதுக்கு ஃப்ரிட்ஜ்?"னு கீழ இருக்குற நண்பர்கள் கேட்பாங்க. மார்கழியில சரிதான். சித்திரையில ஒரு மத்தியானம் தகரக் கூரை வீட்டுக்குள்ள பத்து நிமிஷம் உக்காந்து பாத்தா அப்படிக் கேக்க மாட்டாங்க.

ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கமெல்லாம் இப்ப நிறைய வீட்ல ஃப்ரிட்ஜ் வந்தாச்சு. நல்ல விஷயம். ஆனா ஃப்ரிட்ஜ் வந்த வேகத்துல அதை எப்படி வச்சுக்கணும்ங்கற விவரம் வரல. இது மலைக்கு மட்டும் இல்ல, சென்னையில மூணாவது மாடியில இருக்குறவங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

முதல்ல இன்சுலின். என் கோவமே அங்கதான் இருக்கு.

சர்க்கரை 400-ல ஒருத்தர் வர்றார். "ஊசி ஒழுங்கா போடுறீங்களா?" "போடுறேன் சார்." "சாப்பாடு?" "களி, சாமைச் சோறுதான் சார்." உடனே நம்ம மனசுல என்ன ஓடும்? பொய் சொல்றார், ஊசியே போடறதில்ல, இல்லன்னா இனிப்பு சாப்பிடுறார். திட்டிட்டு டோஸை ஏத்தி எழுதி அனுப்பிடுவோம்.

அந்த மனுஷன் பொய் சொல்லல. ஊசி போடுறார். ஆனா குப்பிக்குள்ள இருக்கறது வேலை செய்யாத மருந்து. ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசருக்குக் கீழ, பின்பக்கமா ஒட்டி வச்சதால ஒருநாள் ராத்திரி உறைஞ்சுபோச்சு. காலையில இளகிடுச்சு. பாக்க மருந்து மாதிரியேதான் இருக்கு.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு. கெட்டுப்போன மருந்தை வச்சுக்கிட்டு டோஸை 20 யூனிட்ல இருந்து 30-க்கு ஏத்தியாச்சு. அடுத்த மாசம் புதுக் குப்பி வாங்கிட்டுப் போறார். இது நல்ல குப்பி. அதே 30 யூனிட். ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறி விழுந்து கிடப்பார். வீட்ல "சாமி வந்துடுச்சு"னு நினைச்சா அது இன்னும் மோசம். சர்க்கரை 40-க்கு இறங்கின ஆளுக்கு வேண்டியது உடனே சர்க்கரைத் தண்ணி. நினைவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாம 108.

அதனால என் கருத்து இதுதான்: இன்சுலின் எழுதுற ஒவ்வொரு டாக்டரும் ரெண்டு கேள்வி கேட்டே ஆகணும். வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா? கரண்ட் எத்தனை மணி நேரம் நிக்குது? உயரம், எடை, பிரஷர் எழுதுற அதே சீட்டுல இதுவும் எழுதப்படணும். டோஸை ஏத்துறதுக்கு முன்னாடி குப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பாக்கணும். "ஃப்ரிட்ஜ்ல வைங்க"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடறது வைத்தியம் இல்ல.

எங்க ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல தடுப்பூசிக்குன்னு தனி ஃப்ரிட்ஜ் இருக்கு. ஐஎல்ஆர்னு சொல்லுவோம். உள்சுவரைச் சுத்தி ஐஸ் வரிசை இருக்கும், கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் தாங்கும். காலையில ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வெப்பநிலை பாத்து நோட்டுல எழுதுறாங்க. 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். பெண்டாவேலன்ட் உறைஞ்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தா குலுக்கிப் பாத்து சோதிக்கிற முறைகூட இருக்கு. ஒரு பெண்டாவேலன்ட் குப்பிக்குக் கிடைக்கிற மரியாதை, அதே மாதிரி உறைஞ்சா வீணாப்போற இன்சுலின் குப்பிக்கு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினதும் கிடைக்கறதில்ல.

சரி, வீட்ல என்ன செய்யணும்?

திறக்காத குப்பியை 2-லிருந்து 8 டிகிரியில வைக்கணும். நடு தட்டுல, முன்பக்கமா, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள. ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது. ஃப்ரீசருக்குக் கீழ இருக்கற சில்லர் தட்டுலயும் கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்ல அதுதான் உறையற இடம்.

திறந்து உபயோகத்துல இருக்கற குப்பிக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயம் இல்ல. இதை அழுத்திச் சொல்றேன். 30 டிகிரிக்குக் கீழ இருக்கற நிழலான இடத்துல 4 வாரம் தாராளமா தாங்கும். திறந்த தேதியைக் குப்பி மேலயே பேனாவுல எழுதிடுங்க. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியா இருந்தா, பேரப்புள்ளையை விட்டு காலண்டர்ல வட்டம் போடச் சொல்லுங்க.

30-க்கு மேல போச்சுன்னா? கென்யாவுல டாடாப் அகதி முகாம் இருக்கு. அங்க நிலவுற மாதிரி 25-க்கும் 37-க்கும் நடுவுல ஏறி இறங்குற வெப்பத்துல இன்சுலினை 4 வாரம் வச்சு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் சோதிச்சாங்க. ஃப்ரிட்ஜ்ல வச்ச மருந்துக்கும் இதுக்கும் வீரியத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. 2021-ல வெளியான ஆய்வு. இதைச் சொல்றது வெயில்ல வைக்கச் சொல்றதுக்காக இல்ல. ஃப்ரிட்ஜ் இல்லைங்கற ஒரே காரணத்துக்காக யாரும் இன்சுலினை நிறுத்த வேண்டாம், யாரும் கொடுக்க மறுக்கவும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை போதும். பெரிய பானைக்குள்ள சின்ன பானை, நடுவுல ஈர மணல், மேல ஈரத்துணி. குப்பியைத் தண்ணி படாம டப்பாவுல போட்டு உள்பானையில வைங்க. மணலை ஈரமாவே வச்சிருங்க. தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும், அவ்வளவுதான் தத்துவம். காத்து வறண்டு இருக்கற கோடையில நல்லா வேலை செய்யும். மழைக்காலத்துல குறைவாத்தான் குளிரும், ஆனா அப்ப மலையில அது பெருசாத் தேவையும் படாது.

இன்னொரு பழக்கம். வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க கூல்டிரிங்ஸ் விக்கிற கடை ஃப்ரிட்ஜ்ல கொடுத்து வைக்கிறாங்க. கடைக்காரர் நல்ல மனசோடதான் வாங்கி வைக்கிறார். ஆனா அதுல பாட்டில் பனி கட்டுற அளவுக்குக் குளிரை வச்சிருப்பாங்க. ராத்திரி கடை மூடும்போது கரண்டையும் நிறுத்திடுவாங்க. ராத்திரி சூடு, பகல்ல உறைநிலை. அதுக்கு உங்க வீட்டுப் பானையே மேல்.

உறைஞ்ச இன்சுலினைக் கண்டுபிடிக்க முடியுமா? பால் மாதிரி இருக்கற கலவை இன்சுலினை உள்ளங்கையில மெதுவா உருட்டிப் பாருங்க. திரிதிரியா, கட்டிகட்டியா தெரிஞ்சாலோ குப்பி ஓரத்துல பனி மாதிரி ஒட்டினாலோ அது போச்சு. தெளிவா இருக்கற வகையில சில நேரம் எதுவுமே தெரியாது. உறைஞ்சதுன்னு சந்தேகம் இருந்தாலே மாத்திடுங்க. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இதுல விளையாட்டே கூடாது. வீரியம் இல்லாத மருந்துல ஒண்ணு ரெண்டு நாள் போனாலே வாந்தி, வயித்துவலி, மேல்மூச்சு வாங்குறதுன்னு உயிருக்கு ஆபத்தான நிலை வந்துடும். மலை இறங்கறதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்.

இப்ப ஃப்ரிட்ஜுக்கு வருவோம். உள்ள ஒரு திருகு இருக்கும், 1, 2, 3, 4, 5-ன்னு. பாதிப் பேர் அதை டிகிரின்னு நினைக்கிறாங்க. அது டிகிரி இல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்ல எண் ஏற ஏற குளிர் கூடும். சித்திரையில 5-ல வச்சவங்க மார்கழியிலும் அப்படியே விட்டுடுறாங்க. வெளியவே குளிர்ற ராத்திரியில உள்ள கீரை உறைஞ்சு கண்ணாடி மாதிரி நொறுங்கும். கீரை உறைஞ்சா இன்சுலினும் உறையும். ஐப்பசி பிறந்தா திருகைக் குறைங்க. ஃப்ரிட்ஜுக்கான தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி, ஒரு டம்ளர் தண்ணியில போட்டு நடு தட்டுல வச்சுப் பாருங்க. மருந்தும் சாப்பாடும் சேர்ந்து இருக்கற வீட்ல 3, 4 டிகிரி காட்டினா சரி.

அடுத்து கரண்ட். காத்தடிச்சு மரம் கம்பி மேல விழுந்தா மலையில கரண்ட் வர மறுநாள்கூட ஆகும். கதவைத் திறக்காம இருந்தா ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். "குளிர் இருக்கா"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பாத்தா தாங்காது. அதுக்கு மேல போச்சுன்னா கறி, மீன், பால், சமைச்ச குழம்பு எல்லாத்தையும் கொட்டிடுங்க. மனசு வராதுதான். முழுக் காய்கறி, ஊறுகாய், வெண்ணெய்க்கு ஒண்ணும் ஆகாது. திறக்காத இன்சுலினையும் கொட்டாதீங்க. தேதி எழுதி, 4 வாரத்துக்குள்ள உபயோகிச்சிடுங்க.

ஊருக்குப் போயிட்டு வர்ற வீட்டுக்கு ஒரு சின்ன வழி. ஒரு டம்ளர் தண்ணியை ஃப்ரீசர்ல உறைய வச்சு, ஐஸ் மேல ஒரு ரூபாய் நாணயத்தை வச்சுட்டுப் போங்க. திரும்பி வந்து பாக்கும்போது நாணயம் அடியில கிடந்தா, நீங்க இல்லாதப்போ எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கறியை முகர்ந்து பாத்து முடிவு பண்ண வேண்டாம். நோய் கொடுக்கற கிருமி வாடை கொடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல.

ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லாது. தூங்க வைக்கும். சில கிருமி தூங்கவும் தூங்காது. லிஸ்டீரியான்னு ஒண்ணு ஃப்ரிட்ஜ் குளிர்லயே வளரும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சோத்துல வர்ற பேசிலஸ் சீரியஸ் விடுற நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால மிச்சச் சோத்தை மத்தியானம் முழுக்க வெளிய வச்சுட்டு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல தள்ளுறதுல பிரயோஜனம் இல்ல. சமைச்சு 2 மணி நேரத்துக்குள்ள அகலமான பாத்திரத்துல பிரிச்சு ஆற வச்சு உள்ள வைங்க. பச்சைக்கறி எப்பவும் மூடின டப்பாவுல, அடித்தட்டுல. முட்டை மயோனைஸ் கடையில இருந்து வீட்டுக்கு வந்து மூணு நாள் இருக்கற கதையும் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸை தமிழக அரசு 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத்துக்குத் தடை செஞ்சது சால்மோனெல்லா பயத்துலதான்.

தேனை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. எங்க மலைத்தேனை வாங்கிட்டுப் போய் உள்ள வச்சு, "உறைஞ்சுபோச்சு, கலப்படம்"னு சண்டைக்கு வர்றாங்க. குளிர்ல சுத்தமான தேனும் கட்டும் சாமி! (ஒரு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு அதை நாக்குல தடவவும் கூடாது.)

கடைசியா, ஃப்ரிட்ஜே உயிரை எடுக்கற விஷயம். கைப்பிடியைத் தொட்டா "சுர்ர்"னு இருக்கா? "பழைய ஃப்ரிட்ஜ், அப்படித்தான்"னு செருப்பு போட்டுக்கிட்டுத் திறக்காதீங்க. எர்த் இல்லைன்னு அர்த்தம். மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மூணு பின் பிளக்ல ஒரு பின்னை உடைச்சுட்டு சொருகுறது, மிக்ஸியோட ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில மாட்டுறது ரெண்டும் வேண்டாம். ஐஸ் கட்டினா கத்தியால குத்தாதீங்க. இப்ப வர்ற பெரும்பாலான ஃப்ரிட்ஜ்ல இருக்கறது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கற வாயு. அணைச்சு, கதவைத் திறந்து விட்டா தானா உருகும். பின்பக்கம் ஒரு சாண் காத்து போக இடம் விடுங்க.

2022 நவம்பர்ல செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்துல ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து தங்கினவங்க, ராத்திரி ஃப்ரிட்ஜ் வெடிச்சுப் புகையில மூச்சுத்திணறி 3 பேர் இறந்தாங்க. இந்த மாதிரி விபத்துல தீயைவிடப் புகைதான் முந்தும். ஒரே அறை வீடா இருந்தா, வெளிய போற வாசல் பக்கத்துல ஃப்ரிட்ஜை வைக்காதீங்க. நாள்பட நிறுத்தி வச்சதை ஆள் வந்து பாத்த பிறகு, பகல்ல போடுங்க.

செத்துப்போன ஃப்ரிட்ஜைத் தானியம் கொட்ட, துணி வைக்க உபயோகிக்கிறது கிராமத்துல சகஜம். கதவைக் கழட்டிட்டு வைங்க. கண்ணாமூச்சி ஆடுற பிள்ளை உள்ள போனா மூச்சு முட்டிப் போயிடும். தாழ்ப்பாள் வச்ச பழைய மாடல் இன்னும் ஆபத்து. இப்படிக் குழந்தைகளைப் பறிகொடுத்துத்தான் அமெரிக்காவுல 1956-ல, ஃப்ரிட்ஜ் கதவு உள்ள இருந்து தள்ளினாலும் திறக்கணும்னு சட்டமே போட்டாங்க.

இன்சுலின் போடுறவங்க அடுத்த முறை சுகர் பாக்க வரும்போது, இப்ப போட்டுக்கிட்டு இருக்கற குப்பியையும் ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, வண்டி டிக்கியில போடாதீங்க. டாக்டர் கேக்கலன்னாலும் மேசை மேல எடுத்து வச்சு, எங்க வச்சிருந்தீங்கன்னு சொல்லுங்க.