சட்டியில் மீனும் சமமான பங்கும்

சிக்கனம் என்றால் வயிற்றைச் சுருக்குவது என்று பொருள் கொள்வோர் நம் அங்கத்தினரிடையே பலர் உளர். அது பிழையாகும். குறைந்த பொருளால் நிறைந்த பயன் பெறுவதே சிக்கனம். கழிவு நூலையும் எறியாத நெசவாளரும், மடை நீரை வீணாக்காத விவசாயியும் இதனை நன்கு அறிவர். இதே விதி அடுப்பங்கரைக்கும் பொருந்தும்.

நம் மாநிலத்தின் நியாயவிலைக் கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அங்கே 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஆகவே வன்னியம்பட்டி போன்ற ஊர்களில் இன்று பல வீடுகளில் குறைவது சோறன்று. உடலை வளர்க்கும் புரதமே. கடல் நமக்குத் தொலைவாயினும் மீன் தொலைவில் இல்லை. கடற்கரைச் சாளை பனிக்கட்டிப் பெட்டியில் வருகிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையோ இன்று நம் கண்மாய்களிலேயே வளர்கிறது. வஞ்சிரத்தினும் சாளை மிக மலிவு, சத்திலோ சளைத்ததன்று. அதன் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு.

ஆயினும் மீன் வாங்கினால் மட்டும் போதாது. அது யார் இலைக்குப் போகிறது என்பதே கேள்வி. குழம்பில் துண்டங்கள் எண்ணிப் போடப்படுகின்றன. நல்ல துண்டம் குடும்பத் தலைவருக்கு, அடுத்தது ஆண்பிள்ளைக்கு, கடைசியில் உண்ணும் தாய்க்கும் மகளுக்கும் வெறுங் குழம்பே எஞ்சுகிறது. தாரில் நூல் சுற்றித் தருபவள் அவள். களை பறிப்பவளும் அவளே. உழைப்பில் சம பங்குடையவளுக்கு உணவில் பங்கில்லை என்றால், அந்த வீட்டின் கணக்கை எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்?

இதற்கு எளிய வழியொன்று உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவினர் பாஸ்தா என்னும் கோதுமைப் பண்டத்தோடு சாளையை உதிர்த்துக் கலந்து உண்பர். பாலாடைக்கட்டி வாங்க இயலாத ஏழைகள் அதன்மேல் வறுத்த ரொட்டித் தூளைத் தூவினர். நமக்குப் பாஸ்தா வேண்டுவதில்லை; சேமியா போதும். அடுமனை அடுப்பும் வேண்டுவதில்லை; இட்லிப் பானை போதும்.

ஐவருக்கு அரைக் கிலோ சாளை எடுத்துக் கொள்க. சுத்தம் செய்து, மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்து, நடுமுள்ளை உருவிச் சதையை உதிர்க்கவும். வெங்காயம், தக்காளி இரண்டிரண்டு, பூண்டு, மிளகாய்த்தூள் இவற்றை வதக்கி அதில் மீனைச் சேர்க்கவும். 200 கிராம் சேமியாவை வறுத்து, அரைவேக்காட்டில் வடித்துக் கலக்கவும். இரண்டு முட்டைகளை அடித்து ஊற்றி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் பரப்பி, ஆவியில் கால்மணி நேரம் வேகவிடவும். இறக்கியபின் வறுத்த ரொட்டித் தூளைத் தூவி, ஐந்து பங்காக வெட்டவும். எந்தப் பங்கை எடுத்தாலும் அதில் மீன் உண்டு. பெரிய முள் நீங்கியதால் குழந்தைக்கு ஊட்டுவதும் எளிது; ஆயினும் சிறு முள் உண்டா என்று விரலால் பார்த்தே ஊட்டுக.

‘இது நம்மவர் பதார்த்தம் அன்றே’ எனச் சிலர் கூறலாம். மிளகாயும் தக்காளியும் கூட ஒரு காலத்தில் கடல் கடந்து வந்தவையே. குழம்பை விட்டுவிடுமாறு நாம் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் பங்கு சமமாகட்டும் என்பதே நம் வேண்டுகோள். பத்துக் குடும்பங்கள் கூடிப் பெட்டியாக மீன் வாங்கினால் செலவும் குறையும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பர் 21ஆம் நாள் கூட்டுறவுக் கடையைத் திறந்த முன்னோடிகளில் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்கள் முதலில் விற்றவை மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் போன்ற அடுக்களைப் பொருள்களே. கூட்டுறவு அடுக்களைக்காகத் தொடங்கிய இயக்கம். சங்கத்தில் உபரியைக் கணக்குப் பார்த்துப் பங்கிடும் நாம், வீட்டில் மீனையும் அவ்வாறே பங்கிடுவோமாக.