ஆயிரத்து ஐந்நூறு யாருடைய தயவு?



உங்கள் மஹல்லாவில் கண் தெரியாதவர்கள் எத்தனை பேர்? நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? வாய் பேசாத பிள்ளைகள், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் எத்தனை பேர்? ஜமாஅத் ஆபீஸில் போய்க் கேட்டுப் பாருங்கள். சந்தா பாக்கிக்கு நோட்டு இருக்கிறது. நிக்காஹ் பதிவுக்குப் புத்தகம் இருக்கிறது. கபுருஸ்தானுக்கும் கணக்கு இருக்கிறது. இந்தக் கணக்கு மட்டும் எங்கும் இல்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், மங்கலம்பேட்டை, கடலூர் ஓ.டி., சிதம்பரம் என்று நம் மக்கள் அடர்ந்து வாழும் ஊர்களிலேயே இதுதான் நிலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொன்னது. அன்று சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது ஏழே வகை ஊனம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கிவிட்டது. தசைச் சிதைவு, ஆட்டிசம், பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, ஆசிட் வீச்சால் முகம் சிதைந்தவர்கள் எல்லாரும் இப்போது அந்தப் பட்டியலில் உண்டு. தங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதே தெரியாமல் எத்தனை தாய்மார்கள் தர்காவுக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள்!

சரி, இருக்கிற உதவித்தொகை எவ்வளவு?

தமிழ்நாட்டில் ஊனமுற்றோருக்கு மாதாந்திர ஓய்வூதியம் 1974-ல் தொடங்கியது. பெயர் பலமுறை மாறியது. ஊனமுற்றோர் என்ற சொல் போய் மாற்றுத்திறனாளி என்ற கௌரவமான சொல் வந்தது. சந்தோஷம். சொல்லுக்குக் கிடைத்த கௌரவம் தொகைக்குக் கிடைத்ததா? வருவாய்த் துறை மூலம் தாலுகா ஆபீஸ் வழியாக வரும் ஓய்வூதியம் ஆயிரம் ரூபாயாக இருந்தது. 2023 ஜனவரி முதல் அது 1,500 ஆக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். மேடை போட்டு, போஸ்டர் ஒட்டி, 'வாரி வழங்கினோம்' என்றார்கள்.

வழங்கினார்களா? அந்த 2016-ஆம் வருடச் சட்டத்தின் 24-ஆவது பிரிவைப் படியுங்கள். மற்றவர்களுக்கு ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் என்ன தொகை கொடுக்கப்படுகிறதோ, அதே போன்ற திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் தமிழக அரசு முதியோர் ஓய்வூதியத்தை 1,200 ஆக்கியது. வியாபாரிகளே, நீங்களே கணக்குப் போடுங்கள். 1,200-க்குக் கால் பங்கு 300. கூட்டினால் 1,500. அப்படியானால் வாரி வழங்கிய தொகை எங்கே? கைக்கு வந்தது சட்டம் விதித்த குறைந்தபட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை! கடன்காரன் பாக்கியைத் திருப்பித் தரும்போது மாலை போட்டு வரவேற்பீர்களா?

மத்திய அரசின் கதை இதைவிட மோசம். இந்திரா காந்தி பெயரிலான தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 2009-ல் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனமும் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அப்படிப்பட்டவருக்கு 79 வயது வரை டெல்லி தரும் பங்கு மாதம் 300 ரூபாய் என்று 2012-ல் நிர்ணயித்தார்கள். அதற்குப் பின் பல பட்ஜெட்டுகள் வந்து போயின, ஆட்சியும் மாறியது, அந்த முந்நூறு மட்டும் அசையவில்லை. நாளைக்குப் பத்து ரூபாய். உங்கள் கடைக்குப் பத்து ரூபாயோடு ஒருவர் வந்தால் என்ன எடுத்துக் கொடுப்பீர்கள்?

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். தெலங்கானா 2023-ல் 4,016 ரூபாய் ஆக்கியது. ஆந்திரா 2024 ஜூலையில் 3,000-ஐ 6,000 ஆக்கி, படுக்கையில் கிடக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு 15,000 என்று அறிவித்துக் கொடுத்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு தருவதாகச் சொன்ன பராமரிப்பு உதவித்தொகை 2,000. ஆந்திராவைப் போல் எங்களுக்கும் கொடுங்கள் என்று தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் சாலையில் உட்கார்ந்து போராடிக் கைதாகிறார்கள். அந்தப் போராட்டத்தில் நம் கொடிகள் எத்தனை போயின?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 முதல் டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் இலவசம். மாற்றுத்திறனாளியைத் திருமணம் செய்வோருக்கு உதவித்தொகையும் ஒரு பவுன் தங்கமும் உண்டு. உலக வங்கிக் கடனோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின் முதல் கட்டத்தில் நம் கடலூர் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் வருகின்றன. இவையெல்லாம் நல்லவை. ஆனால் டவுன் பஸ் லால்பேட்டையிலிருந்து கடலூருக்குப் போகாது. சிதம்பரத்தில் இறங்கி, அடுத்த பஸ் ஏறி, மாவட்ட ஆபீஸுக்குப் போய்ச் சேர அரை நாள். தூக்கிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் ஒரு நாள் கூலியும் போகும். போனால் டாக்டர் லீவு, அல்லது ஒரு ஜெராக்ஸ் குறைவு!

ஒரு தாலுகா ஆபீஸில் நானே பார்த்தேன். இரண்டு காலும் சூம்பிய ஓர் இளைஞரை மாடி ஏறி வரச் சொன்னார்கள். அவர் கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போனதும் 'இது கீழ் செக்ஷன்' என்றார்கள். அந்த இளைஞர் கோபப்படவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

இது அரசின் குற்றம். நம் குற்றத்தையும் பேச வேண்டாமா?

வீட்டில் ஊனமுள்ள பெண் பிள்ளை இருந்தால் மறைக்கிறோம். 'மற்றப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது' என்கிறோம். சர்ட்டிபிகேட் எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம்! கவுரவத்துக்குப் பயந்து அந்தப் பிள்ளையின் படிப்பையும் பணத்தையும் சேர்த்தே புதைக்கிறோம். இன்னும் சிலர், 'அரசாங்கத்திடம் கையேந்துவதா? சபூர் செய்வோம்' என்கிறார்கள். சபூர் செய்ய வேண்டியது சோதனையின் மீது. பறிக்கப்பட்ட ஹக்கின் மீது அல்ல.

கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு ஒரு சூராவே இறங்கியது உங்களுக்குத் தெரியும். அவரை மூலையில் உட்கார வைத்து நபி (ஸல்) அவர்கள் பரிதாபப்படவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாங்கள் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தார்கள். உமய்யா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் காலத்தில், தொழுநோயாளிகளைப் பிச்சையெடுக்க விடாமல் அரசே மானியம் கொடுத்ததையும், நடக்க முடியாதவருக்குப் பணியாளும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் கொடுத்ததையும் வரலாற்றாசிரியர் தபரீ எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 705 முதல் 715 வரை ஆண்டவர் அவர். அன்று பைத்துல்மாலிலிருந்து போனதை யாரும் பிச்சை என்று சொல்லவில்லை.

இன்றும் அது பிச்சை இல்லை. பார்வையற்ற ஒருவர் உங்கள் கடையில் சோப்பு வாங்கினால் அதில் வரி இருக்கிறது. அவர் வரி கட்டாத குடிமகன் இல்லை. கஜானாவில் அவர் காசும் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் ஐந்து ரூபாய் போட்டுவிட்டுப் போகும் முதலாளிமார்களே, அந்த மனிதரிடம் அடையாள அட்டை இருக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா? ஐந்து ரூபாய் போடுவது ஒரு நொடி வேலை. அட்டை வாங்கித் தருவதற்கு ஒரு நாள் கடையை விட்டு வர வேண்டும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

இளைஞர்களே! இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நின்றோம். 2007-ல் 3.5 சதவீதம் வந்தது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதமும் உயர்கல்வியில் 5 சதவீதமும் தனியாகச் சட்டத்தில் இருக்கிறது. அரசு வேலையில் உள்ள அந்த நான்கு சதவீதம் எல்லாப் பிரிவுகளுக்கும் குறுக்கே ஓடுவது. நம் பிள்ளைகளுக்கும் அது உண்டு. 40 சதவீத ஊனம் என்ற சான்று கையில் இருந்தால்தான் உண்டு. சான்று எடுக்காத வீட்டுக்கு இரண்டு கதவும் அடைப்பு.

ஆகவே இந்த மாதம் ஜமாஅத் ஆபீஸில் ஒரு நோட்டுப் போடுங்கள். வீடு வீடாகப் போங்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்கு மதரஸா உஸ்தாத்பீ போகட்டும், அவர்களிடம்தான் தாய்மார்கள் உண்மையைச் சொல்வார்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு இவற்றைச் சேர்த்துத் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போடுங்கள். அட்டை வந்தபின் தாலுகா ஆபீஸ் ஓய்வூதியமா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல ஆபீஸின் பராமரிப்புத் தொகையா, எதற்குத் தகுதி என்று கேட்டு மனு எழுதுங்கள். புரோக்கர் யாரையும் நடுவில் விடாதீர்கள். சிதம்பரத்திலும் கடலூரிலும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு வேன் கொடுத்து உதவுங்கள்.

மனு கொடுத்த தேதியையும் ரசீது எண்ணையும் அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள். 'காத்திருப்போர் பட்டியல்' என்று பதில் வந்தால், அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம், நிதி ஒதுக்கியது எவ்வளவு என்று 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீட்டு மனு எழுத நம் கிளை அலுவலகங்களுக்கு வாருங்கள். அஸருக்குப் பின் ஆள் இருப்பார்கள்.