பூட்டின் சாவி மக்களிடம் இருக்கட்டும்

2024 மார்ச் 7 அன்று திருவனந்தபுரம் கைரளி திரையரங்கில் முதலமைச்சர் பினராயி விஜயன் ‘சி ஸ்பேஸ்’ ஓடிடி தளத்தைத் தொடங்கி வைத்தார். நாட்டில் ஒரு மாநில அரசின் பொறுப்பில் இயங்கும் முதல் ஓடிடி தளம் இது. கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் இதனை நடத்துகிறது. முதற்கட்டமாக 35 திரைப்படங்கள், 6 ஆவணப்படங்கள், ஒரு குறும்படம் என 42 படைப்புகள் தேர்வு செய்யப்பட்டன. மாதச் சந்தா கிடையாது. பார்க்கும் படத்துக்கு மட்டுமே கட்டணம். ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய். அதில் பாதி படைப்பைத் தந்தவருக்குச் சேரும்.

இது வரவேற்கத்தக்க முயற்சி. நட்சத்திரங்களின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டே படம் வாங்கும் பன்னாட்டு ஓடிடி நிறுவனங்களின் ஏகபோகத்துக்கு நடுவே, ‘நிஷித்தோ’, ‘பி 32 முதல் 44 வரை’ போன்ற பெண் இயக்குநர்களின் படங்களுக்கு ஒரு பொதுமேடை கிடைத்திருக்கிறது. அதே வேளையில், இம்முயற்சி ஒரு பழைய கேள்வியையும் புதிதாக எழுப்புகிறது. காசு கொடுத்துப் படம் பார்ப்பவருக்கு அந்தப் படத்தின் மீது என்ன உரிமை இருக்கிறது?

வீடியோ நாடா வந்த காலத்தில் ஹாலிவுட் நிறுவனங்கள் அதைத் தடுக்க நீதிமன்றம் சென்றன. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமாகாது என்று 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் தோற்றதை நிறுவனங்கள் தொழில்நுட்பத்தின் வழியே மீட்டன. 2003இல் அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் வகுத்த விதிகள், கட்டணம் செலுத்திப் பார்க்கும் தனிக்காட்சிகளுக்கு ‘ஒருபோதும் நகலெடுக்கக் கூடாது’ என்ற முத்திரையைக் குத்த அனுமதித்தன. இலவச ஒளிபரப்பைப் பதிவு செய்யத் தடையில்லை. கூடுதல் காசு கொடுத்தவருக்கோ முழுத்தடை! நமது வீடுகளிலும் நிலைமை வேறல்ல. பதிவு வசதியுள்ள டிடிஎச் பெட்டியில் சேமித்த நிகழ்ச்சி அந்தப் பெட்டிக்கு வெளியே ஓடுவதில்லை. ஓடிடியில் தரவிறக்கிய படம் கெடு முடிந்ததும் திறப்பதில்லை.

திருட்டுப் பிரதியைத் தடுக்கவே இந்தப் பூட்டு என்கிறார்கள். திருட்டுப் பிரதி திரைத் தொழிலாளர்களின் வயிற்றில் அடிப்பது உண்மை. அதை வணிகமாக நடத்துவோரைத் தண்டிப்பதும் அவசியம். 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் வழி செய்துள்ளது. ஆனால், எங்கோ ஒருவர் ஒருமுறை உடைத்துவிட்டால் அந்தப் பிரதி உலகெங்கும் பரவுகிறது. பூட்டு கடைசியில் கட்டுப்படுத்துவது, காசு கொடுத்து நேர்மையாகப் பார்க்கும் பார்வையாளரைத்தான்.

சட்டம் பூட்டைவிட நியாயமாகப் பேசுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52இன் கீழ், ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட பிரிவு 65ஏ, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கே 2 ஆண்டு வரை சிறை என்கிறது. திரைப்படத்தின் பதிப்புரிமைக்கு 60 ஆண்டு என்ற எல்லையும் உண்டு. ஆனால் இந்த விதிவிலக்குகள் எதையும் பூட்டு அறியாது. 60 ஆண்டு கழிந்தாலும் அது தானாகத் திறக்கப் போவதில்லை. நாடாளுமன்றம் காகிதத்தில் தந்த உரிமையை, நிறுவனம் தன் மென்பொருளால் பறித்துக்கொள்கிறது.

இதன் விளைவு என்னவாகும் என்பதைத் திருவனந்தபுரத்தின் வரலாறே சொல்லும். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ இந்நகரின் கேபிடல் அரங்கில் திரையிடப்பட்டது. அதில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே.ரோசியைச் சாதி ஆதிக்க வெறியர்கள் துரத்தியடித்தனர். அவர் நடித்த ஒரு காட்சியைக்கூட இன்று எவரும் காண முடியாது. படத்தின் ஒரு பிரதியும் எஞ்சவில்லை. 1933இல் அதே அரங்கில் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’, நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனம் தொடுத்த பதிப்புரிமை வழக்கால் சில நாட்களிலேயே முடங்கியது. ஆனால் அதன் பிரதி அந்நிறுவனத்திடம் கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. வழக்கில் சிக்கிய படம், கையில் தொடக்கூடிய ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தது. யாரிடமும் பிரதி இல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் மட்டுமே இருக்கும் இன்றைய படங்களை, அந்த நிறுவனம் கடையை மூடிய பிறகு எந்தக் காப்பகம் மீட்கும்?

நூல்களை வெளியிடுவோர் தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதி வழங்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஓடிடி படைப்புகளுக்கு அத்தகைய கடமை ஏதுமில்லை. ஒன்றிய பாஜக அரசோ 2022இல் திரைப்பட ஆவணக் காப்பகத்தையே வளர்ச்சிக் கழகத்துடன் இணைத்து, அதன் தனித்தன்மையைக் கரைத்துவிட்டது.

எனவே, ஓடிடியில் வெளியாகும் ஒவ்வொரு படைப்பின் பூட்டில்லாத பிரதியும் பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கப்படுவதை ஒன்றிய அரசு சட்டமாக்க வேண்டும். கல்வி நிலையங்களும் நூலகங்களும் மாற்றுத்திறனாளிகளும் சட்டம் தந்த விதிவிலக்குகளைப் பயன்படுத்த, சாவியைத் தரும் கடமை நிறுவனங்களுக்கு விதிக்கப்பட வேண்டும். அரசு நிதியில் உருவாகும் படங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் திரைப்படச் சங்கங்களுக்கும் நூலகங்களுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

இதில் முன்னுதாரணம் படைக்கும் தகுதி கேரளத்துக்கு உண்டு. 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய மாநிலம் அது. படங்களைத் தேர்வு செய்வதில் சந்தையின் அளவுகோலை மறுத்த பொதுத்துறைத் தளம், பூட்டு விஷயத்திலும் சந்தையின் வழியைப் பின்பற்ற வேண்டியதில்லை. படைப்பாளிக்கு உரிய பங்கும், மக்களுக்கு உரிய பிரதியும் ஒருசேர உறுதியாகும்போதுதான் பொது ஓடிடி என்ற பெயர் முழுமை பெறும்.