எதிர் வசனத்தை யார் படிப்பது?

'தி வயர்' 2002 ஜூனில் தொடங்கி 2008 மார்ச்சில் முடிந்த தொடர். ஐந்து சீசன்கள், 60 எபிசோடுகள். பால்டிமோர் நகரத்தின் போதை வியாபாரம், போலீஸ், துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், பத்திரிகை என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிய இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு சுற்றிச் சுற்றி நடிகர்களிடம்தான் வந்து நிற்கிறது. ஓமர் பெரியவனா, ஸ்ட்ரிங்கர் பெரியவனா? பப்பிள்ஸாக நடித்தவருக்கு ஏன் ஒரு விருதும் இல்லை? மக்நல்டிக்கு ஓர் இங்கிலாந்துக்காரரைத்தான் போட வேண்டுமா? ரசிகர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நடிகர் தேர்விலும் நடிப்புப் பயிற்சியிலும் இருக்கும் நாம் இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இந்தக் கேள்விகளுக்குள் நம் வேலையைப் பற்றிய விசாரணை இருக்கிறது.

விருது விஷயத்தில் ரசிகர்களின் ஆதங்கம் முழுக்க நியாயமானது. இந்தத் தொடருக்கு எம்மி விருதுப் பரிந்துரை மொத்தம் இரண்டு முறைதான் கிடைத்தது. இரண்டும் எழுத்துக்கு. நடிகர் ஒருவர்கூடப் பரிந்துரைக்கப்படவில்லை. எம்மியில் நடிகர் தேர்வுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதிலும் பெயர் வரவில்லை. முதன்மைத் தேர்வைச் செய்தவர் அலெக்சா ஃபோகல். பால்டிமோரிலிருந்து முகங்களைக் கொண்டுவந்தவர் பாட் மோரன். மோரன் வேறு தொடர்களுக்காக இதே விருதைப் பெற்றவர். அவருடைய ஆகச் சிறந்த வேலை விருதுக்குழுவின் கண்ணில் படவே இல்லை.

காரணம் இருக்கிறது. விருது தனியாளை எண்ணும். இந்தத் தொடரின் நடிப்பைத் தனியாளாகப் பிரிக்க முடியாது. 2005இல் எழுத்துக்குப் பரிந்துரை பெற்ற 'மிடில் கிரவுண்ட்' எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தைப் பார்த்த மாடத்தில் போதை வியாபாரக் கூட்டாளிகளான ஏவன் பார்க்ஸ்டேலும் ஸ்ட்ரிங்கர் பெல்லும் நின்றுகொண்டு சின்ன வயதுக் கதை பேசுகிறார்கள். அதற்குள் ஸ்ட்ரிங்கர் ஏவனைப் போலீஸிடம் காட்டிக் கொடுத்துவிட்டான். ஸ்ட்ரிங்கரைத் தேடி வந்தவனிடம் ஏவனும் நண்பனை ஒப்படைக்கச் சம்மதித்துவிட்டான். பார்க்கிற நமக்கு இரண்டும் தெரியும். அவர்களுக்குத் தங்கள் பாவம் மட்டும்தான் தெரியும். வசனமெல்லாம் பெரும்பாலும் பழைய நினைவு, சிரிப்பு. நாளைக்கு எத்தனை மணிக்கு எங்கே இருப்பாய் என்று ஏவன் விசாரிக்கிறான். ஏவனாக நடித்த வுட் ஹாரிஸ் அந்தக் கேள்வியில் ஒரு துளி அழுத்தம் கூட்டியிருந்தாலும் காட்சி கெட்டிருக்கும். எதிரில் ஸ்ட்ரிங்கராக நிற்கும் இட்ரிஸ் எல்பா அதைச் சாதாரணக் கேள்வியாகவே வாங்கிக்கொள்வதால்தான் நமக்கு வயிறு கலங்குகிறது. இதில் யார் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது?

எல்பா முதலில் படித்துக் காட்டியது ஏவன் பாத்திரத்துக்கு. பிறகுதான் அவரை ஸ்ட்ரிங்கர் ஆக்கினார்கள். கொதிக்கிறவனுக்குப் பக்கத்தில் கணக்குப் போடுகிறவன் நிற்க வேண்டும், அந்த இருவருக்கும் ஒரே தெருவில் வளர்ந்த உரிமை தெரிய வேண்டும் என்று யோசித்தால் அந்த இடமாற்றத்தின் அருமை விளங்கும். ஆடிஷன்களில் எல்பா தான் லண்டன்காரர் என்பதை மறைத்து அமெரிக்க உச்சரிப்பிலேயே பேசினார், கடைசியில் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார் என்பது பலரும் அறிந்த கதை.

உச்சரிப்பு பற்றிய குறையையும் நேராகவே பேசிவிடலாம். துப்பறிவாளர் மக்நல்டியாக நடித்த டொமினிக் வெஸ்ட் ஷெஃபீல்டுக்காரர். மேயர் பதவிக்கு ஏறும் கார்செட்டியாக நடித்த ஏடன் கில்லன் டப்ளின்காரர். வெஸ்ட் கோபத்தில் கத்தும் இடங்களில் இங்கிலாந்து நாக்கு எட்டிப் பார்ப்பது உண்மை; ரசிகர்களின் காது பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவரைத் தேர்ந்தது சரி என்பதே என் தீர்ப்பு. அந்தத் தேர்வு நடந்த விதமே அதற்குச் சாட்சி. வெஸ்ட் அனுப்பிய ஆடிஷன் டேப்பில் எதிர் வசனம் படிக்க ஆளே இல்லை. எதிராளி பேச வேண்டிய இடங்களை அவர் வெறும் மௌனமாக விட்டு, அந்த மௌனத்தைக் கேட்டு, அதற்கு முகத்தால் பதில் கொடுத்து, பிறகு தன் வரியைச் சொன்னார். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே பார்த்தவருக்கு, இந்த மனிதருக்குக் கேட்கத் தெரிகிறது என்பது புரிந்தது. உச்சரிப்பைப் பயிற்சியில் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கேட்கும் குணத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்க எந்த இயக்குநருக்கும் நேரம் இருப்பதில்லை.

முதல் சீசனின் நான்காம் எபிசோடில் ஒரு காலி வீட்டின் சமையலறையில் மக்நல்டியும் சக துப்பறிவாளர் பங்க்கும் பழைய கொலை ஒன்றைத் திரும்ப நடத்திப் பார்ப்பார்கள். குண்டு எந்தக் கோணத்தில் வந்தது, எங்கே பட்டது, தோட்டா எங்கே கிடக்கும் என்று இருவரும் கண்டுபிடித்து முடிக்கும்வரை அவர்கள் வாயிலிருந்து வருவது ஒரே வசைச் சொல்லும் அதன் வேற்றுமைகளும் மட்டுமே. ஆச்சரியம், எரிச்சல், ஊகம், மகிழ்ச்சி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள். பங்க்காக நடித்த வெண்டல் பியர்ஸ் ஒரு பார்வை பார்த்தால் வெஸ்ட் அடுத்த அடி வைக்கிறார். நடிப்புப் பள்ளி நடத்துகிறவர்கள் இந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டும் ஒருமுறை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம், முகம் தெரியாமை. 2002இல் இந்த நடிகர்களில் மிகப் பலரைப் பொதுப் பார்வையாளருக்குத் தெரியாது. தெரிந்த முகம் சீக்கிரம் சாகாது என்பது பார்வையாளர் போடும் கணக்கு. அந்தக் கணக்கு இங்கே செல்லவில்லை. முதல் சீசனில் வாலஸ் என்ற சிறுவனைச் சுட்டுக் கொல்கிறார்கள், அதுவும் கூட வளர்ந்த பையன்களே. அந்தச் சிறுவன் இன்று உலகறிந்த மைக்கேல் பி. ஜோர்டன். இப்போது முதன்முறை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சாவு வேறு மாதிரித் தாக்கும். அன்று தாக்கிய மாதிரி தாக்காது.

உள்ளூர் மக்களை நடிக்க வைத்தது பற்றித்தான் நம்மிடையே அதிகத் தவறான புரிதல் இருக்கிறது. நிஜ ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் நிஜம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். பால்டிமோர் குழு செய்தது அதைவிட நுட்பமானது. மெல்வின் வில்லியம்ஸ் அந்நகரின் பெரிய போதை வியாபாரி. 1980களில் அவரைப் பிடித்த விசாரணையில் இருந்தவர் எட் பர்ன்ஸ். பின்னாளில் சைமனோடு சேர்ந்து இந்தத் தொடரை எழுதியவரும் அதே பர்ன்ஸ்தான். வில்லியம்ஸ் சிறையிலிருந்து வந்தபின் அவருக்குக் கொடுத்த வேடம் வியாபாரி அல்ல, தேவாலயப் பெரியவர். ஜே லாண்ட்ஸ்மன் என்ற நிஜத் துப்பறிவாளர் தொடரில் வேறு பெயரில் ஒரு லெப்டினன்டாக வருகிறார். லாண்ட்ஸ்மன் என்ற பெயருள்ள பாத்திரத்தை நடித்தவர் டெலேனி வில்லியம்ஸ் என்ற நடிகர். ஆளைச் சற்றே இடம் மாற்றி வைக்கும்போது அவர் தன்னையே போலி செய்யும் ஆபத்து குறைகிறது. அதே நேரத்தில் அவருடைய பேச்சும் நடையும் தம்பூராவைப் போல அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பயிற்சி பெற்ற நடிகர்கள் சுருதி விலகினால் அங்கேயே தெரிந்துவிடும்.

இதற்கு விதிவிலக்கு ஃபெலிசியா பியர்சன். பால்டிமோரின் ஒரு கிளப்பில் அவரைப் பார்த்து, படப்பிடிப்புக்கு வரச் சொன்னவர் ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ். ஸ்னூப் என்ற தன் சொந்தப் பெயரிலேயே நடித்தார். நான்காம் சீசனின் தொடக்கத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போகும் காட்சியில், கடைக்காரரிடம் அவர் பேசும் சாவகாசத்தை எந்த நடிப்புப் பள்ளியும் சொல்லித் தந்திருக்க முடியாது.

போதைக்கு அடிமையான பப்பிள்ஸ் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர்த் திசை. ஆண்ட்ரே ரோயோ நியூயார்க்கின் பிராங்க்ஸ்காரர், தொழில்முறை நடிகர். வேடத்தோடு தெருவில் நின்றவரைப் பார்த்த ஒருவர், நிஜமாகவே தவிக்கிறார் என்று நினைத்து ஒரு போதைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதையே தனக்குக் கிடைத்த ஆஸ்கர் என்று ரோயோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்த வேலை திரையில் பாதிதான் தெரியும். போதை வியாபாரி ப்ரொபோசிஷன் ஜோவாக நடித்த ராபர்ட் எஃப். ச்யூ பால்டிமோரின் அரீனா பிளேயர்ஸ் நாடகக் குழுவில் நடிப்பாசிரியர். 1953இல் தொடங்கிய கறுப்பின மக்களின் அரங்கம் அது. 2006இல் வந்த நான்காம் சீசன் பள்ளிக்கூடத்துக்குள் போனபோது, மையமான நான்கு சிறுவர்களுக்கும் பயிற்சி கொடுத்தவர் இவர்தான். டுக்கி, ராண்டி, நமொண்ட், மைக்கேல் ஆகிய நால்வரும் ஒன்றாக நடக்கும்போது நாலு பேரும் நாலு வேகத்தில் நடப்பார்கள், ஆனால் ஒரே கூட்டமாக இருப்பார்கள். அந்தப் பழக்கம் ஒத்திகையில் வருவது. ச்யூ 2013இல் காலமானார். ரசிகர்கள் அவரைத் தடித்த, தந்திரமான ஜோவாக நினைவில் வைத்திருக்கிறார்கள்; நாம் அவரை ஆசிரியராகவும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று. மைக்கேல் கே. வில்லியம்ஸை வழியில் எல்லோரும் ஓமர் என்றே கூப்பிட்டார்கள். தானும் அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டதையும், படப்பிடிப்புக் காலத்திலேயே போதைப் பழக்கத்தோடு போராடியதையும் அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். 2021 செப்டம்பரில் அவர் இறந்ததும் அதனால்தான். ஒருவரின் காயத்தை, வடுவை, வளர்ந்த தெருவைப் பார்த்து ஒரு வேடத்துக்குத் தேர்கிறோம் என்றால், வேடம் கழன்றபின் அவரிடம் பேச ஓர் ஆளை வைப்பதும் தேர்ந்தவர்களின் பொறுப்பு. பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி வேண்டும்.

அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஆடிஷன் அறையில் எதிர் வசனத்தைக் கையில் கிடைத்த உதவியாளர் ஒருவர் தாளைப் பார்த்துத் தட்டையாக ஒப்பிக்கிறார்; வந்தவர் சுவரோடு நடிக்கிறார். எல்லோரும் வெஸ்ட் இல்லை. சம்பளம் கொடுத்து ஒரு நடிகரை அங்கே உட்கார வையுங்கள், இறுதிச் சுற்றில் சேர்ந்து வரப்போகிற இருவரையும் சேர்த்தே பாருங்கள், பாத்திரங்களை ஒருமுறை மாற்றிக் கொடுத்தும் பாருங்கள். சிறுவர்கள் நடிக்கிற படமென்றால் பயிற்சியாளரின் நாட்களைப் படப்பிடிப்புக்கு முன்பிருந்தே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள், தயாரிப்பாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.