விற்றதைத் திரும்ப எடுத்தால் அதற்கென்ன பெயர்?

உங்கள் வீட்டு குக்கரைச் செய்த கம்பெனி நாளைக்கே இழுத்து மூடிவிட்டுப் போனாலும் குக்கர் விசில் அடிக்கும். பருப்பு வேகும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கம்ப்யூட்டர் கேம் வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதிசயம்தான் என்பார்கள்.

'தி க்ரூ' என்று ஒரு கார் விளையாட்டு. யூபிசாஃப்ட் என்கிற பிரெஞ்சு நிறுவனம் 2014ல் வெளியிட்டது. அமெரிக்காவைச் சுருக்கி ஒரு வரைபடமாக்கி, இந்தக் கடற்கரையிலிருந்து அந்தக் கடற்கரை வரை கார் ஓட்டலாம் என்றார்கள். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், கார் நகரவில்லை. நாலு பேரோடு போட்டி போடுகிறவனுக்கு மட்டுமல்ல, ராத்திரி தனியாக உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கும்தான். தனி ஆட்டமும் அந்த சர்வரிடம் அனுமதி கேட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும்படி செய்து வைத்திருந்தார்கள். டிஸ்க் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். கம்பெனி தரப்பு பதில் என்ன தெரியுமா? நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடுவதற்கான லைசென்ஸை!

நான் காமர்ஸ் படித்தவன். வாங்கியது பேலன்ஸ் ஷீட்டில் போகும், வாடகை லாப நஷ்டக் கணக்கில் போகும். இரண்டையும் மாற்றி எழுதினால் ஆடிட்டர் காதைத் திருகுவார். இவர்கள் பொத்தானில் 'வாங்கு' என்று எழுதுகிறார்கள், கோர்ட்டில் 'வாடகை' என்கிறார்கள். அதுவும் எத்தனை மாதத்துக்கு என்று சொல்லாத வாடகை. எந்த ஊர் வீட்டுக்காரராவது இப்படி ஒப்பந்தம் போடுவாரா?

இதே ஆசாமிகள்தான் கோப்புப் பகிர்வு என்றாலே திருட்டு, திருட்டு என்று கூவுகிறவர்கள். 1999ல் நாப்ஸ்டர் வந்தது. கோர்ட்டுக்கு இழுத்து 2001ல் மூட வைத்தார்கள். அதே 2001ல் பிட்டோரண்ட் வந்தது, அதை மூட முடியவில்லை. அடுத்தவன் உழைப்பை ஓசியில் இறக்கிக்கொள்வது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பர்மா பஜாரில் 2000களில் வாங்கிய திருட்டு சிடி, கீறல் விழாமல் இருந்தால் இன்றைக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓடும். பில் போட்டு யோக்கியமாக வாங்கியவன் வாயில் மண். இது என்ன நியாயம் சார்?

டிஜிட்டல் சரக்கு என்றாலே அப்படித்தான் என்று சொல்லாதீர்கள். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியை சப்தரிஷி மண்டலத்துப் பக்கம், ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்த ஒரு துளி வானத்தைப் பார்த்துப் பத்து நாள் நிறுத்தினார்கள். கையை நீட்டி ஒரு மணல் துகளைப் பிடித்தால் எவ்வளவு மறையுமோ அவ்வளவு வானம். அதற்குள் சுமார் 3000 காலக்ஸிகள்! அந்தக் காலத்தில் சாதாரணமாக ஹபிள் எடுத்த தரவு ஒரு வருஷம் அந்த ஆராய்ச்சியாளர் கையில் இருந்தது, பிறகுதான் பொதுவுக்கு வந்தது. இதை மட்டும் உடனே எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் கேமரா 2016லிருந்து அனுப்பிய படங்களைச் சமைக்காத பச்சைக் காய்கறி மாதிரி அப்படியே வெளியிட்டார்கள். நாம் வாய் பிளந்து பார்த்த அந்த நீலச் சுழல்களில் பலவற்றை வண்ணம் சேர்த்து உருவாக்கியவர்கள் வீட்டிலிருந்து செய்த பொதுஜனங்கள். ஜேம்ஸ் வெப்புக்கு ஏறக்குறைய 1000 கோடி டாலர் செலவு. 2022 ஜூலையில் வந்த அதன் முதல் படத்தை நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்தீர்களா? அது உங்களுடையது. எவனும் வந்து பிடுங்க மாட்டான்.

'அது வரிப்பணம், இது வியாபாரம்' என்பீர்கள். சரி. இலவசமாகக் கொடு என்று யார் கேட்டார்கள்? விற்றதை விட்டுவைத்துவிட்டுப் போ என்றுதான் கேட்கிறோம்.

காலமெல்லாம் சர்வர் ஓட்டினால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். வாஸ்தவம். அதற்காகக் காலமெல்லாம் ஓட்டச் சொல்லவில்லையே! கடையை மூடும்போது, சர்வர் இல்லாமலும் ஆட்டம் ஓடும்படி ஒரு கடைசித் திருத்தம் போட்டுவிட்டுப் போகட்டும். முடியாத காரியமா? கூச்சல் எழுந்த பிறகு இதே யூபிசாஃப்ட் 'தி க்ரூ 2'க்கு ஆஃப்லைன் வசதி செய்து கொடுத்ததே! ஐரோப்பாவில் இதைச் சட்டமாக்கக் கேட்டுப் போட்ட மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கலிஃபோர்னியாவில் 2025லிருந்து, லைசென்ஸ்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது. பிடுங்குவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. சொல்லிவிட்டுப் பிடுங்கச் சொல்கிறது.

அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துச் சொன்னது. கம்பெனிகளே தொலைத்துவிட்ட சரக்கை, திருடன் என்று பட்டம் வாங்கியவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த முதல் 'தி க்ரூ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரசிகர்கள் சிலர் தாங்களே ஒரு மாற்று சர்வரை எழுதி 2025ல் காரை மறுபடி ஓடவிட்டார்கள். சம்பளம் கிடையாது, ராயல்டி கிடையாது.

அடுத்த முறை பையன் கேம் வேண்டும் என்று அடம்பிடித்தால், கார்டை நீட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'நெட் இல்லாம ஓடுமாடா?' ஓடாது என்றால் அதற்கு வாடகை ரேட்தான் கொடுப்பேன் என்று சொல்லுங்கள்.