தலைமாட்டில் ஒலிக்கும் இசை

நோயுற்றவரைக் காண வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆப்பிள், ஆரஞ்சு, ரொட்டி, பிஸ்கட் என்று ஒரு பை நிறைய வருகிறது. அவற்றுள் பாதி, சர்க்கரை நோயாளி தொடக்கூடாதவை. பையோடு அறிவுரைகளும் வருகின்றன. அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒன்றும் வரத் தொடங்கியிருக்கிறது. இன்ன இராகம் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும், இன்ன இராகம் சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று கைப்பேசியில் சுற்றிவரும் இராகப் பட்டியலே அது. இசையை நேசிப்பவன் என்ற முறையில், நோயாளிக்கு இசையைக் கொண்டுவரும் எண்ணத்தை நான் மனமார வரவேற்கிறேன். மருத்துவன் என்ற முறையில், அந்தப் பட்டியலை வரவேற்க இயலாது. அதற்கு மாற்றாக எதைக் கொண்டுவரலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இசையைப் படுக்கையருகே கொண்டுசெல்வது நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 281ஆம் பாடலில், போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீடு காட்டப்படுகிறது. வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள். அவற்றோடு யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன, குழல் ஊதப்படுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது. புண்ணை ஆற்றும் முயற்சியும் மனத்தைத் தேற்றும் முயற்சியும் அவ்வீட்டில் ஒன்றாகவே நடைபெற்றன. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

இன்றைய மருத்துவமும் இதை ஆராய்ந்திருக்கிறது. இலண்டன் ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு இசை தரும் பயன் குறித்து அதுவரை நடந்த 73 ஆய்வுகளைத் தொகுத்து, 2015ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ 7,000 நோயாளிகள் அவ்வாய்வுகளில் பங்குபெற்றிருந்தனர். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலிநிவாரணி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால், அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை. இசையின் ஆற்றலும் அதன் எல்லையும் இந்த ஒரே ஆய்வில் தெளிவாகத் தெரிகின்றன. மற்றொரு செய்தியும் அதில் உண்டு. எவ்வகை இசை, எந்த நேரத்தில், யார் தெரிந்தெடுத்தது என்பனவற்றால் பயனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்னும் பட்டியலுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை.

பட்டியலால் என்ன கேடு, கேட்டுவிட்டுப் போகட்டுமே என்று சிலர் நினைக்கலாம். கேட்பதில் கேடு எதுவும் இல்லை. கேட்டபின் உடல் இலேசானதுபோல் தோன்றுகிறது, “இனி மாத்திரை எதற்கு?” என்ற எண்ணம் எழுகிறது. அங்கேதான் கேடு தொடங்குகிறது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாத நோய். மனம் அமைதியாக இருக்கும்போதும் அழுத்தம் உயர்ந்தே இருக்கக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர், பக்கவாதத்தோடு எங்களிடம் வந்து சேரக்கூடும். ஆகவே, இசையை மருந்தாகப் பரிந்துரைக்காதீர்கள், துணையாகப் பரிந்துரையுங்கள்.

எத்தகைய இசை அமைதி தரும்? இத்தாலிய ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், 24 பேருக்குப் பலவகை இசைகளை ஒலிக்கச் செய்து, அவர்களுடைய மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். விரைந்த இசை மூச்சையும் துடிப்பையும் விரைவுபடுத்தியது. இடையே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோதுதான் உடல் மிகுதியாகத் தளர்ந்து ஓய்ந்தது. இசை கேட்பதற்கு முன்பிருந்த நிலையைவிடவும் அந்த மௌனத்தில் அமைதி கூடியிருந்தது. விரைவு குறைந்து, இடையிடையே மௌனத்திற்கு இடம் தரும் இசையே படுக்கையருகே பொருந்தும் என்பதற்கு இது நல்ல சான்று. செவிலியர் பணியின் முன்னோடியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1859இல் வெளியிட்ட நூலில் இதையொட்டிய கருத்தொன்றைச் சொல்லியிருக்கிறார். மனிதக் குரல், குழல், நீண்டொலிக்கும் நரம்புக் கருவிகள் ஆகியவை நோயாளிக்கு இதம் தரும். விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ அவ்வாறு செய்யாது என்பது அவர் கண்டது.

இவ்விலக்கணங்களுக்குப் பொருந்துவனவாக நான் கேட்டு மகிழ்ந்த சிலவற்றை இங்கே சொல்கிறேன். கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு, தாளக் கட்டு இல்லாத ஆலாபனையே முதல் தேர்வு. ‘மாலி’ என்று அழைக்கப்பட்ட டி. ஆர். மகாலிங்கத்தின் புல்லாங்குழலும், அவருடைய மாணவர் என். ரமணியின் புல்லாங்குழலும் இதற்கு மிகவும் ஏற்றவை. திரையிசையோடு வளர்ந்தவருக்கு, இளையராஜா இசையமைத்து ஹரிபிரசாத் சௌராசியா குழல் இசைத்த ‘நத்திங் பட் விண்ட்’ பொருந்தும். அது 1988இல் வெளிவந்தது. 1967இல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’யில், சந்தூரும் கிதாரும் குழலும் சேர்ந்து, காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாளை விடியல்முதல் இரவுவரை சொல்கின்றன. படுத்தே பொழுதைக் கழிக்க வேண்டியவருக்கு, நாளின் நகர்வை உணர்த்தும் இத்தொகுப்பு உதவும்.

புதியவற்றுள், அனுஷ்கா சங்கர் 2023இல் தொடங்கி வெளியிட்ட மூன்று சிறு தொகுப்புகளில் முதலிரண்டைச் சொல்வேன். சித்தார் மிக மெல்ல நடக்கும் இசை அது. முதல் தொகுப்பில் நான்கே பாடல்கள் என்பதால் களைத்திருப்பவருக்கும் சுமையாகாது. சென்னையில் வளர்ந்த சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கக் குழலிசைக் கலைஞர் ஒருவரோடும் செல்லோக் கலைஞர் ஒருவரோடும் இணைந்து 2024இல் வெளியிட்ட ‘திரிவேணி’, மறுஆண்டு பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அது வேத மந்திரங்களைக் கொண்டது. ஆதலால் நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிந்தே ஒலிக்கச் செய்ய வேண்டும். உறக்கம் வராமல் தவிப்பவருக்கு மேக்ஸ் ரிக்டரின் ‘ஸ்லீப்’ உண்டு. 2015இல் வெளிவந்த அது, உறங்குவோருக்காகவே அமைக்கப்பட்டு எட்டு மணி நேரத்திற்கும் மேல் நீளுவது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அமர்ந்திருக்கும் உறவினர்களையும் மறக்கலாகாது. பிரையன் ஈனோ வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ விமான நிலையத்தில் காத்திருப்போரை மனத்தில் கொண்டு ஆக்கப்பட்டது. காத்திருப்பின் கனம் எங்கும் ஒன்றுதான்.

இவற்றையெல்லாம் சொன்னபின், இவை எதுவும் பொருந்தாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோழவந்தானை அடுத்த தென்கரையில் 1924இல் பிறந்தவர் மற்றொரு டி. ஆர். மகாலிங்கம், நடிகர், பாடகர். கைப்பேசியில் தேடுவோர் இருவரையும் குழப்பிக்கொள்வதுண்டு. ‘ஸ்ரீவள்ளி’யில் புகழ்பெற்று, ‘திருவிளையாட’லில் பாணபத்திரராக நடித்த இவருடைய குரல் உச்சத்தில் முழங்குவது. மெல்லிய இசை என்னும் எந்த வரையறைக்குள்ளும் அது அடங்காது. ஆயினும், வைகைக்கரையில் கொடிக்காலும் வயலும் பார்த்து முதிர்ந்த ஒருவருக்கு, இளமையில் டூரிங் கொட்டகையில் கேட்ட அந்தக் குரல்தான் உலகிலேயே அமைதியானதாக இருக்கக்கூடும். எல்லாருக்குமான சிறப்பு இசை என்று ஒன்றில்லை என ஆய்வு சொல்லும்போது, தேர்வை நோயாளியின் நினைவிடமே விட்டுவிடுவதுதான் முறை. “அப்பா, உங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?” என்று மகன் கேட்கும் கேள்விக்கே பாதி மருந்தின் குணம் உண்டு என்று சொல்ல ஆசைதான், மருந்தாகச் சொல்லக்கூடாது என்று நானே விதித்துவிட்டதால், துணையின் குணம் உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்பதே வரம்பு. ஒலிபெருக்கியைத் தெருவில் தடுத்துவிட்டு, கைப்பேசியை வார்டுக்குள் அலறவிடுவதில் பொருளில்லை. ஒருவருக்கு இன்பமாகும் பாட்டு அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு இரைச்சல். ஆகவே காதுக்கருவி கட்டாயம். அருகில் நின்று பேசுபவரின் குரல் கேட்கும் அளவுக்கு ஒலி தணிந்திருக்கட்டும். பாட்டை முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உறக்கம் வரும் தறுவாயில் இடையே அலறும் விளம்பரம், அரை மணி நேர அமைதியை நொடியில் கெடுத்துவிடும். மருத்துவரோ செவிலியரோ பேசும்போது நிறுத்திவிடுங்கள். குழப்ப நிலையில் உள்ளவருக்கும், அண்மையில் உறவை இழந்தவருக்கும், முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கச் செய்யுங்கள். போதும் என்று கையசைத்தால் அதுவே முடிவு. மௌனத்தை விரும்புவதும் நோயாளியின் உரிமை.

இசை நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூறு பேருக்கு ஒரே பட்டியலை அனுப்புவதை விடுத்து, ஒருவருக்கு ஒரு தொகுப்பு என்று சொல்லுங்கள். அவர் யார், எதைக் கேட்டு வளர்ந்தார், எந்த நேரத்தில் உறக்கம் கெடுகிறது என்று எண்ணிப்பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு இதம் தந்த இசை எது என்பதை இவ்விதழுக்கு நான்கு வரிகளில் எழுதி அனுப்புங்கள். எந்த நோயைத் தீர்த்தது என்று எழுத வேண்டாம். எந்த இரவைக் கடக்க உதவியது என்று எழுதினால் போதும். அதே இரவைக் கடக்கவிருக்கும் இன்னொருவருக்கு அது பயன்படும்.