மனைப் பக்கம்: பூனை வாழும் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால்

பகைக்கு உவமை தேடும்போது நம்மவர் கீரியையும் பாம்பையும் சொல்வர். எலியையும் பூனையையும் சொல்வர். நாயையும் பூனையையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஊரில் இவ்விரண்டுக்கும் வழக்கு முற்ற இடமில்லாதிருந்ததே காரணம் போலும். நாய் வாசலிலும் களத்திலும் கிடந்தது. பூனை அடுப்பங்கரையிலும் பரணிலும் குடியிருந்தது. துரத்தப்பட்டால் ஏறிக்கொள்ள ஓட்டுக் கூரையும் மதிற்சுவரும் இருந்தன. ஊரை விட்டு வந்து, மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமுமாகக் குடித்தனம் நடத்தும் நம் போன்றோர் வீட்டிலோ களமும் இல்லை, கூரையும் இல்லை. இரண்டும் ஒரே தரையில் வாழ்ந்தாக வேண்டும்.

சென்ற தை மாதத்தில் நம் இல்லத்துக்கு இந்தச் சோதனை வந்தது. டில்லியின் கடுங்குளிரில், மாடிப்படியின் கீழே சாக்குகளுக்கிடையில் தெரு நாய் ஒன்று குட்டிகளை ஈன்றிருந்தது. சில வாரங்களில் தாய் வண்டியில் அடிபட்டு இறந்தது. எஞ்சியிருந்த ஒரே குட்டியைக் காவற்காரர் பாலூற்றிக் காப்பாற்றி வந்தார். நம் இளைய மகள் அதைக் கம்பளித் துண்டில் சுற்றி ஒருநாள் மாலை மேலே கொண்டுவந்துவிட்டாள். ஏழெட்டு வாரக் குட்டி. கையில் எடுத்தால் நடுக்கம் நிற்கவில்லை. திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்?

ஆனால் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இருந்தன. சுப்பன் மூன்று வயதுக் கடுவன். எதையும் வேடிக்கை பார்ப்பவன். அம்மிணிக்கோ பதினோரு வயது. அவள் நம் அன்னையாரின் பூனை என்பதே பொருந்தும். தந்தையார் மறைந்தபின் ஊரிலிருந்து வந்து சேர்ந்த அன்னைக்கு இந்தியும் தெரியாது, அண்டை வீட்டாரோடு பேச்சும் இல்லை. பகல் முழுதும் தமிழில் பேசிக்கொண்டிருக்க அவருக்குக் கிடைத்த துணை அம்மிணி ஒருத்திதான்.

முதல் நாளே நாம் ஒரு பெரும் பிழை செய்தோம். குட்டியை மகள் மடியில் வைத்துக்கொள்ள, அம்மிணியைத் தூக்கிவந்து முகத்துக்கு முகம் காட்டினோம். விருந்தினரை அறிமுகம் செய்துவைப்பது போன்றது இது என்று எண்ணிவிட்டோம். பூனைக்கு அச்சம் வரும்போது வேண்டுவது தப்பி ஓட ஒரு வழி. அதைக் கைகளால் அடைத்து வைத்தால் நகந்தான் பேசும். நம் மணிக்கட்டில் மூன்று கீறல். குட்டியின் மூக்கில் ஒரு கீறல். இன்னும் அரை விரற்கடை மேலே சென்றிருந்தால் கண் போயிருக்கும். அம்மிணி சமையலறைப் பரணில் ஏறியவள் இரண்டு நாள் இறங்கவில்லை; தட்டை மேலே வைத்தும் வாய் வைக்கவில்லை.

(கீறலைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் சென்றோம். வீட்டுப் பூனைதானே என்று சிலர் மஞ்சள் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது கூடாது.)

"அது பட்டினி கிடக்கிறப்போ எனக்கு என்னடா சோறு?" என்று அன்னையும் இலையை ஒதுக்கிவிட்டார். இது வெறும் பாசப் பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் உடலின் கொழுப்பு ஈரலில் சென்று படிந்து உயிருக்கே கேடாக முடியலாம் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்தார். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகமாம். அம்மிணியோ மெலிந்தவள் அல்லள். ஒரு பக்கம் கிழவியும் பூனையும், மறு பக்கம் பெண்ணும் நாய்க்குட்டியும், நடுவில் நாம். ஒரு மாதம் தவணை வைத்தோம். அதற்குள் அம்மிணி பழையபடி உண்டு உலவாவிட்டால் குட்டியை வேறு நல்ல இல்லத்தில் சேர்த்துவிடுவது என்று மகளிடம் வாக்கு வாங்கினோம். அவள் அழுதுகொண்டேதான் வாக்குக் கொடுத்தாள்.

மருத்துவர் சொல்லிய முறை பொறுமையை விலையாகக் கேட்பது. வந்தவனைத்தான் அடைத்து வைக்க வேண்டும், இருந்தவளை அடைக்கலாகாது. ஆகவே நம் படுக்கையறை குட்டிக்குப் போயிற்று; ஏனைய இடமெல்லாம் பூனைகளுக்கு மீண்டது. அன்றிரவே அம்மிணி பரணிலிருந்து இறங்கி இரண்டு வாய் உண்டாள். அன்னையும் உண்டார்.

முதற்பத்து நாள் ஒன்றையொன்று பார்க்கவே விடவில்லை. விலங்குகளுக்கு மூக்குத்தான் முதற்கண். குட்டி படுத்த துணியைப் பூனைகளின் தட்டுக்குச் சற்றுத் தொலைவிலும், பூனைகளைத் துடைத்த துணியைக் குட்டியின் அறையிலும் போட்டோம். அம்மிணி அத்துணியைக் கண்டு முதல் நாள் சீறினாள். நான்காம் நாள் முகர்ந்தாள். ஆறாம் நாள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வைத்தோம். தட்டுகளை ஒவ்வொரு நாளும் கதவுக்கு ஒரு சாண் நெருக்கினோம். அவள் உண்ணாமல் பின்வாங்கிய நாளில் மறுபடி ஒரு சாண் தள்ளி வைத்தோம். இதில் அவசரம் காட்டியவர்களே பெரும்பாலும் தோற்கிறார்கள்.

அதன்பின் காட்சி. குட்டியை நன்றாக விளையாடவிட்டு, வயிறு நிறைந்து அலுத்திருக்கும் வேளையில், கழுத்துவாரோடு பிடித்துக்கொண்டு கூடத்தின் ஒரு மூலையில் அமர்வோம். பூனைகளைக் கூப்பிடுவதில்லை; தூக்கி வருவதும் இல்லை. வந்தால் வரட்டும். குட்டி பூனையை வெறித்து நோக்காமல் தானாக முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் அதன் வாயில் அவித்த கோழித் துண்டு ஒன்று. ஐந்து நிமிடம் போதும். சுப்பன் இரண்டாம் நாளே வந்து மூக்கோடு மூக்கு வைத்துவிட்டான். அம்மிணி அலமாரியின் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயர்ந்த இடம் பூனைக்கு ஆடம்பரமன்று, அடைக்கலம். புத்தக அலமாரியின் மேற்தட்டைக் காலி செய்து, ஏறுவதற்கு ஒரு முக்காலியும் போட்டோம். தண்ணீர்க் கிண்ணத்துக்கும் மலம் கழிக்கும் மணற்பெட்டிக்கும் குட்டியைக் கடந்து செல்லாமல் போகும் வழி வேண்டும். அந்த வழி அடைபட்டால் பூனை கண்ட இடத்தில் அசுத்தம் செய்யும். பழியும் பூனை மேலேயே விழும். மணற்பெட்டியை நாய்க்கு எட்டாதபடி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. குட்டிகள் அதிலுள்ளதைத் தின்னும். நாற்றம் ஒருபுறமிருக்க, புழுக்களும் தொற்றும்.

இருவருக்கும் மொழி வேறு என்பதை நாம் வெகுநாள் கழித்தே உணர்ந்தோம். குட்டி வாலை ஆட்டினால் பெரும்பாலும் குதூகலம். பூனை வாலை வீசி அடித்தால் சினம். குட்டி முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் 'விளையாட வா' என்று பொருள்; பூனைக்கு அது பாய்வதற்குக் குனிவதாகத் தோன்றுகிறது. பூனை சீறினால் நம்மவர் பூனையைக் கடிந்துகொள்வர். சீறுவது 'இதற்கு மேல் வராதே' என்னும் எச்சரிக்கை. அதைத் தடுத்தால் அடுத்தது எச்சரிக்கையின்றி அறைதான்.

மொழி என்றதும் நம் வீட்டு மொழிக் குழப்பமும் நினைவுக்கு வருகிறது. காவற்காரர் வளர்த்த குட்டிக்கு 'பைட்டோ' என்றால் புரிந்தது. மக்கள் 'சிட்' என்றனர். அன்னை 'உக்காரு' என்றார். மூன்று ஆணைக்கு நடுவே குட்டி மூவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. இறுதியில் 'விடு' என்ற ஒரே சொல்லை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். பூனையைத் துரத்த எழும்போது அந்தச் சொல், நின்றால் பரிசு. வெளிமாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் இதைத் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

குட்டி இளமையாக வந்தது நமக்கு வாய்த்த நன்மை. அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆராய்ச்சிக் கூடத்தில் பல ஆண்டு நாய்களை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட நூலில், ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி தன் சுற்றத்தை வரித்துக்கொள்ளும் பருவம் என்று காட்டினர். அப்பருவத்தில் பூனையோடு பழகிய நாய் பூனையை இரையாக நினைப்பது அரிது. வளர்ந்த நாயை வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டு நாய் வேண்டுமென்ற ஆசையில் சிப்பிப்பாறையோ கன்னியோ ஊரிலிருந்து கொண்டுவருவோர் இன்னும் நன்றாக எண்ண வேண்டும். 2005இல் இராசபாளையம் நாயின் படம் அஞ்சல் தலையில் வந்தபோது நாமும் பெருமிதம் கொண்டவர்தாம். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. ஓடும் பூனை அவற்றின் கண்ணுக்கு முயலாகவே படும்.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். 1978இல் உலகுக்குத் தெரியவந்த பார்வோ என்னும் நாய் நோயின் கிருமி, பூனைகளைக் கொல்லும் பழைய நோய்க் கிருமி ஒன்றின் நெருங்கிய உறவு. அதன் பிற்கால வகைகள் பூனைக்கும் தொற்றும். தரையிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். தெருவிலிருந்து வந்த குட்டியைத் தனியறையில் வைப்பது பூனையின் மனத்துக்காக மட்டுமன்று.

தவணை முடிந்த நாளில் அம்மிணி உண்டாள், உலவினாள். ஆனால் குட்டி அருகில் வந்தால் அறைந்தாள். நகமின்றி அறைந்தாள் என்பதை அன்னைதான் கவனித்துச் சொன்னார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மகள் அன்று இரண்டு முறை சோறு வாங்கி உண்டாள். ஆயினும் ஆளில்லாத வேளையில் மேலும் நான்கு மாதம் வரை அவர்களை ஒன்றாக விட்டுச் செல்லவில்லை.

ஒன்றை மட்டும் அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். கோடை தொடங்கியதும் நாய்க்கு உண்ணி ஏறும். பிடரியில் சொட்டுவிடும் மருந்தைக் கடையில் வாங்குவோம். அவற்றுட் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. நாய்க்கு அது மருந்து, பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் ஆற்றல் போதாது. பூனைக்குப் பூசினால் மட்டுமன்று, மருந்து காயாத நாயோடு உராய்ந்து படுத்தாலும் நடுக்கமும் வலிப்பும் காணலாம். பூனை உள்ள வீடு என்று சொல்லி மருத்துவரிடம் வேறு மருந்து கேட்டு வாங்குக. பங்குனியில் நாம் அட்டையைப் படிக்காமல் ஒரு புட்டி வாங்கிவிட்டு, சுப்பன் குட்டியின் முதுகில் தலைவைத்து உறங்குவதைக் கண்ட பிறகே படித்தோம். நல்லவேளையாகப் புட்டியைத் திறந்திருக்கவில்லை.

அம்மிணி இன்றும் அந்தப் படுக்கையறைக்குள் நுழைவதில்லை. வாயிற்படி வரை வந்து, நின்று, அன்னையின் அறைக்குத் திரும்பிவிடுகிறாள்.